‘எங்களைப் போல் யாரும் இல்லை’: அமெரிக்கா இதைச் சொல்லும்போது என்னதான் சொல்கிறது?

2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப், அமெரிக்காவின் விதி விண்மீன்கள் வரை நீளும், செவ்வாய்க் கோளில் அமெரிக்கக் கொடி நடப்படும் என்று பேசினார். ஏப்ரல் தொடக்கத்தில் அவர் இறக்குமதி வரிகளை அறிவித்ததும் பங்குச் சந்தை சரிந்தது. அப்படிப் பதற்றம் வரும்போது வழக்கமாக ஏறும் அரசுக் கடன் பத்திரங்களின் விலையும் டாலரின் மதிப்பும் இந்த முறை கூடவே இறங்கின. உடனே வணிகப் பக்கங்களில் ‘அமெரிக்கத் தனித்துவம் முடிந்துவிட்டதா?’ என்று எழுத ஆரம்பித்தார்கள்.

மேடையில் பேசியவரும் சந்தையைப் பார்த்து எழுதியவர்களும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசினார்களா என்றால், இல்லை. ‘அமெரிக்கத் தனித்துவவாதம்’ என்ற ஒரே பெயரின் கீழ் பல நம்பிக்கைகள் குடியிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காவிட்டால், இதை ஒட்டி நடக்கும் எந்த விவாதமும் பிடிபடாது.

நான்கு வெவ்வேறு கூற்றுகள்

1. அமெரிக்கா மற்ற நாடுகளிலிருந்து வேறுபட்டது. இது ஒரு தகவல். தரவுகளை வைத்துச் சரிபார்க்கலாம்.
2. அமெரிக்கா மற்ற நாடுகளைவிட மேலானது. இது ஒரு மதிப்பீடு. எதை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.
3. உலகத்துக்கு வழிகாட்டும் பொறுப்பு அமெரிக்காவுக்கு இருக்கிறது. இது கடவுள், வரலாறு என்று எதையாவது சாட்சிக்கு அழைக்கும் நம்பிக்கை.
4. மற்ற நாடுகளுக்கான விதிகள் அமெரிக்காவுக்குப் பொருந்தாது. இது விதிவிலக்குக் கோரிக்கை.

முதலாவது உண்மை என்பதால் இரண்டாவது உண்மையாகிவிடாது. இரண்டாவதை ஏற்றுக்கொண்டாலும் நான்காவது தானாக வந்துவிடாது. ஆனால் அரசியல் மேடையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவுவது சர்வ சாதாரணம். ‘எங்கள் அரசியலமைப்பு 1789 முதல் நடைமுறையில் இருக்கிறது’ என்று தொடங்கும் பேச்சு, ‘ஆகவே எங்கள் படைவீரரை எந்த உலக நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது’ என்று முடியும். நடுவில் மூன்று படிகளைத் தாண்டியதை யாரும் கவனிப்பதில்லை.

எதில் உண்மையிலேயே வேறு?

வேறுபாடுகள் நிறையவே உண்டு. மன்னர், நிலப்பிரபு, அரச திருச்சபை என்ற பழைய அடுக்கு இல்லாமல், 1776இல் ஓர் அறிக்கையை வெளியிட்டுப் பிறந்த நாடு அது. தொழில்மயமான நாடுகளில் வலுவான சோஷலிசக் கட்சி வேரூன்றாத நாடும் அதுதான். அமெரிக்காவில் ஏன் சோஷலிசம் இல்லை என்று ஜெர்மன் அறிஞர் வெர்னர் சோம்பார்ட் 1906லேயே ஒரு நூல் எழுதினார்.

பெருமைப்பட முடியாத வேறுபாடுகளும் அதே பட்டியலில்தான் வருகின்றன. அனைவருக்குமான மருத்துவக் காப்பு இல்லை. நாடு முழுவதற்கும் பொருந்தும் ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்புச் சட்டம் இல்லை. பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் மக்கள்தொகையைவிட அதிகம். 100 பேருக்கு 120 என்று ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018இல் மதிப்பிட்டது. 2024இல் ராணுவத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ 99,700 கோடி டாலர்; உலகம் முழுவதும் அதற்காகச் செலவிட்டதில் 37 விழுக்காடு.

சமூகவியலாளர் சீமோர் மார்ட்டின் லிப்செட் இதை இருபுறமும் வெட்டும் கத்தி என்றார். அரசை நம்பாதே, உன் காலில் நில் என்ற அதே மனப்போக்குதான் புதுத் தொழில்களையும் வளர்க்கிறது, ஏழைக்கு மருத்துவம் கிடைக்காத நிலையையும் சகித்துக்கொள்கிறது. நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து ‘இதுதான் எங்கள் தனித்துவம்’ என்று சொல்வது அரைக் கணக்கு.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் காட்டப்படும் தொடக்கப் புள்ளி 1630. இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் போன தூய்மைவாதக் கிறிஸ்தவர்களின் தலைவர் ஜான் வின்த்ரோப், நாம் மலைமேல் இருக்கும் நகரம் போல இருப்போம், எல்லோர் கண்ணும் நம்மேல் இருக்கும் என்று எழுதினார். மத்தேயு நற்செய்தியில் வரும் உவமை அது.

வின்த்ரோப் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அடுத்த வரியிலேயே எச்சரிக்கை வருகிறது: கடவுளிடம் நாம் பொய்யாக நடந்துகொண்டால், உலகமே நம்மைப் பழித்துப் பேசும் கதையாகிவிடுவோம். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அவருக்குப் பயம் தந்த விஷயம். அதோடு, அந்த உரை 200 ஆண்டுகளுக்கு மேல் அச்சேறாமலே கிடந்து, 1838இல்தான் வெளியானது. நாட்டை நிறுவியவர்கள் அதைப் படித்து எழுச்சி பெற்றார்கள் என்று நினைப்பதற்கு இடமில்லை. 1961இல் கென்னடி அதை மேற்கோள் காட்டினார். பின்னர் ரேகன் ‘ஒளிரும்’ என்ற சொல்லையும் சேர்த்து, 1989இல் விடைபெறும் உரை வரை அதைக் கையாண்டார். எச்சரிக்கை உதிர்ந்து ஒளி மட்டும் மிஞ்சியது இப்படித்தான்.

அடுத்து எல்லோரும் இழுத்துக்கொண்டு வரும் பெயர் பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் அலெக்சி டோக்வில். அமெரிக்கர்களின் நிலை முற்றிலும் தனித்தன்மையானது என்று 1840இல் அவர் எழுதியது உண்மை. ஆனால் அந்த வரி வருவது எந்த இடத்தில்? அமெரிக்கர்கள் ஏன் அறிவியலிலும் இலக்கியத்திலும் கலையிலும் பெரிதாக எதையும் படைக்கவில்லை என்று விளக்கும் இடத்தில். ஐரோப்பா பக்கத்திலேயே இருப்பதால் அங்கிருந்து வாங்கிக்கொள்கிறார்கள், இவர்கள் கவனமெல்லாம் வாணிபத்தில் இருக்கிறது, ஆகவே மக்களாட்சி என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்பது அவர் வாதம். பாராட்டுப் பத்திரமாக அதை எடுத்துக் காட்டுபவர்களில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, இந்தப் பெயர் எப்படிப் புழக்கத்துக்கு வந்தது? அதுதான் இந்த வரலாற்றில் வேடிக்கையான பகுதி. 1920களின் கடைசியில் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக இருந்த ஜே லவ்ஸ்டோன், அமெரிக்க முதலாளித்துவம் இன்னும் வலுவாக இருக்கிறது, மற்ற நாடுகளில் நெருங்கிவிட்ட நெருக்கடி இங்கே வரத் தாமதமாகும் என்று வாதிட்டார். மார்க்ஸ் சொன்ன வரலாற்று விதிக்கு ஒரு நாடு மட்டும் விலக்கா என்று மாஸ்கோ கொதித்தது. 1929இல் ஸ்டாலினே நேரடியாகத் தலையிட, லவ்ஸ்டோன் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தச் சண்டையில் ‘தனித்துவவாதம்’ என்பது ஒரு வசைச்சொல்; கொள்கை வழுவியவர் மேல் ஒட்டும் முத்திரை. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபோது லவ்ஸ்டோனின் எதிரிகளுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வரலாற்றாய்வாளர்கள் அந்தப் பெயரை எடுத்து, வசையைக் கழற்றிவிட்டு, ஆய்வுச் சொல்லாக்கினார்கள். 2012இல் குடியரசுக் கட்சியின் தேர்தல் கொள்கை அறிக்கையில் அது ஒரு தலைப்பாகவே வந்தது. கம்யூனிஸ்டுகளின் வசைச்சொல் வலதுசாரிக் கட்சியின் விசுவாசச் சோதனையாக மாற 83 ஆண்டுகள் பிடித்தன.

அந்தச் சோதனையில் மாட்டியவர் ஒபாமா. 2009 ஏப்ரலில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் இதுபற்றிக் கேட்டபோது, ‘பிரிட்டிஷ்காரர்களும் கிரேக்கர்களும் தங்கள் தனித்துவத்தை நம்புவது போல நானும் அமெரிக்கத் தனித்துவத்தை நம்புகிறேன்’ என்றார். எல்லோரும் நம்புகிறார்கள் என்றால் அதில் தனித்துவம் எங்கே இருக்கிறது என்று எதிர்க்கட்சி ஆண்டுக்கணக்கில் அவரைக் குடைந்தது. கடைசியில் 2014இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில், என் உடலின் ஒவ்வோர் இழையிலும் அதை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிவந்தது. அப்போதும் ஒரு நிபந்தனை வைத்தார்: உலக விதிகளை மீறும் திறமை எங்கள் தனித்துவம் இல்லை, அவற்றை நடத்தையால் உறுதிசெய்யும் விருப்பமே தனித்துவம். அதாவது நான்காவது கூற்றை அவர் வெளிப்படையாகவே மறுத்தார். நாடு அப்படி நடந்துகொண்டதா என்பதற்குப் பின்னால் வருவோம்.

ஒரே நம்பிக்கை, எதிரெதிர் வெளியுறவுக் கொள்கை

மூன்றாவது கூற்றான ‘பொறுப்பு’ இரண்டு திசைகளில் இழுக்கும். நாம் முன்மாதிரியாக வாழ்ந்து காட்டினால் போதும் என்பது ஒன்று. 1821 ஜூலை 4 அன்று அப்போதைய வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ், அமெரிக்கா அரக்கர்களைத் தேடி அழிக்க வெளிநாடு போவதில்லை என்றார். நாமே போய் உலகத்தைத் திருத்த வேண்டும் என்பது இன்னொன்று. 1917இல் முதல் உலகப் போரில் இறங்க உட்ரோ வில்சன் சொன்ன காரணம், மக்களாட்சிக்குப் பாதுகாப்பான உலகை உருவாக்க வேண்டும் என்பது. 1998இல் வெளியுறவுச் செயலர் மேடலின் ஆல்பிரைட் இன்னும் ஒரு படி மேலே போய், நாங்கள் தவிர்க்க முடியாத நாடு, மற்றவர்களைவிடத் தொலைநோக்கு எங்களுக்கு உண்டு என்றார். ஐந்து ஆண்டு கழித்து ஈராக்கில் அந்தத் தொலைநோக்கு எவ்வளவு தூரம் போனது என்று உலகம் பார்த்தது.

ஒதுங்கியிருப்போம் என்பவரும் படையெடுப்போம் என்பவரும் அடிப்படையில் ஒரே நம்பிக்கைக்காரர்கள் என்பது இங்கே முக்கியம். ஒருவர் உலகத்தின் அழுக்கு நம்மேல் படக் கூடாது என்கிறார். மற்றவர் நம் தூய்மை உலகத்துக்கும் பரவட்டும் என்கிறார். வாஷிங்டன் ஒரு பத்தாண்டில் போர் தொடுப்பதும் அடுத்ததில் ‘எங்களுக்கெதற்கு ஊர் வம்பு’ என்று கதவைச் சாத்துவதும் வெளியிலிருந்து பார்த்தால் குழப்பமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலத்தைப் பிடிக்கவும் இதே பேச்சு உதவியிருக்கிறது. ‘மேனிஃபெஸ்ட் டெஸ்டினி’, அதாவது கடவுளே வகுத்துவிட்ட கண்கூடான விதி, என்ற தொடர் 1845இல் ஜான் ஓசல்லிவன் என்ற இதழாசிரியரால் புகழ்பெற்றது. 1846 முதல் 1848 வரை நடந்த போரின் முடிவில், டெக்சாசையும் சேர்த்துக் கணக்கிட்டால், மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதியை இழந்திருந்தது. டிரம்ப் தம் பதவியேற்பு உரையில் செவ்வாய்க்கு நீட்டியது இந்தத் தொடரைத்தான்.

விதிவிலக்கு நடைமுறையில் எப்படி இயங்குகிறது?

மற்ற நாடுகளைத் தொடும் பகுதி இதுதான். முதலில் சில உண்மைகள்:

1. குழந்தை உரிமை ஒப்பந்தம் (1989): ஐநா உறுப்பு நாடுகளில் ஏற்று உறுதிசெய்யாத ஒரே நாடு அமெரிக்கா. 1995இல் கையெழுத்திட்டதோடு சரி.
2. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஒப்பந்தம்: 1980இல் கையெழுத்து, இன்றுவரை உறுதிசெய்யவில்லை.
3. கடல் சட்ட ஒப்பந்தம் (1982): சேரவில்லை. ஆனால் தென் சீனக் கடல் விவகாரத்தில் சீனா அந்தச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று சொல்லிவருகிறது.
4. இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தம்: 1948இல் கையெழுத்து, உறுதிசெய்தது 1988இல்.

இதை எல்லாம் ஆணவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி செனட் சபையின் விதிமுறையில் இருக்கிறது. எந்த ஒப்பந்தத்துக்கும் அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதாவது சிறுபான்மை ஒன்று உறுதியாக நின்றால் எதையும் தடுத்துவிடலாம்.

2012 டிசம்பர் 4 அன்று நடந்ததைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா ஒப்பந்தம் ஓட்டெடுப்புக்கு வந்தது. அமெரிக்கா தானே 1990இல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு உருவான ஒப்பந்தம் அது. குடியரசுக் கட்சியின் முன்னாள் அதிபர் வேட்பாளர் பாப் டோல், இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் காயம்பட்டு ஒரு கை செயலிழந்தவர், தம் 89ஆம் வயதில் சக்கர நாற்காலியில் அவைக்குள் வந்தார். பழைய சகாக்கள் ஒவ்வொருவராக வந்து நலம் விசாரித்தார்கள். அப்புறம் அவர் கட்சிக்காரர்களே பெருவாரியாக எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 61, எதிர்ப்பு 38. 5 ஓட்டு குறைவு. வெளிநாட்டு அதிகாரிகள் அமெரிக்கப் பெற்றோரின் உரிமையில், குறிப்பாக வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் உரிமையில், மூக்கை நுழைப்பார்கள் என்பது எதிர்த்தவர்களின் அச்சம். தங்கள் சட்டத்தை உலகம் பின்பற்றலாம், ஆனால் அதே விதிக்கு உலகத்தின் முன் தாங்கள் பதில் சொல்லக் கூடாது.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற விவகாரத்தில் விதிவிலக்கு இன்னும் பச்சையாகத் தெரிகிறது. 2000 டிசம்பர் 31 அன்று கிளின்டன் அரசு அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2002இல் புஷ் அரசு, நாங்கள் இதில் சேரப் போவதில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு இயற்றிய ஒரு சட்டம், அந்த நீதிமன்றம் அமெரிக்கப் படைவீரரைப் பிடித்து வைத்தால் அவரை மீட்கத் தேவையான எல்லா வழிகளையும் கையாள அதிபருக்கு அதிகாரம் தந்தது. நீதிமன்றம் இருக்கும் ஊரை வைத்து, விமர்சகர்கள் அதற்கு ‘ஹேக் படையெடுப்புச் சட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். 2023 மார்ச்சில் நீதிமன்றம் புதினுக்குப் பிடியாணை பிறப்பித்தபோது பைடன் அதை வரவேற்றார். உக்ரைன் பற்றிய ஆதாரங்களைக் கொடுக்கவும் ஆணையிட்டார். 2024 நவம்பரில் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகுவுக்குப் பிடியாணை வந்தது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் அந்த நீதிமன்றத்தின் மீதே தடைகள் விதித்தார்.

இதன் விளைவு அமெரிக்காவோடு நிற்பதில்லை. 2013 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய புதின், தங்களைத் தனித்துவமானவர்களாக நினைக்கும்படி மக்களை ஊக்குவிப்பது மிக ஆபத்தானது என்று பாடம் எடுத்தார். ஆறு மாதம் கழித்து உக்ரைனின் கிரிமியாவை இணைத்துக்கொண்டார். அன்றைய உரையில் அவர் சாட்டிய முன்னுதாரணங்களில் ஒன்று, கொசோவோ செர்பியாவிலிருந்து பிரிந்ததை அமெரிக்காவும் மேற்கு நாடுகளும் ஏற்றுக்கொண்ட விதம். ஒருவர் பெற்ற விதிவிலக்கு அடுத்தவருக்குச் சாக்காகிறது. ரஷ்யா செய்ததை அது நியாயப்படுத்தாது. ஆனால் அதைத் தட்டிக்கேட்கும் குரலைப் பலவீனப்படுத்திவிடுகிறது.

உள்ளே இருந்து வந்த கேள்வி

இந்த நம்பிக்கையைக் கடுமையாகக் கேள்வி கேட்டவர்கள் பலர் அமெரிக்கர்களே. அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று, ஓர் அடிமைக்கு உங்கள் விடுதலை நாள் என்ன பொருள் தரும் என்று கேட்டார். 1776 விடுதலை அறிக்கையில் ‘எல்லா மனிதரும் சமம்’ என்று எழுதிய ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தவர்.

அமெரிக்கா என்பது இரத்த உறவால் ஆனதல்ல, ஒரு கொள்கையை ஏற்கும் யாரும் அமெரிக்கராகலாம் என்பது தனித்துவவாதத்தின் அழகான பகுதி. அது நீதிமன்றத்தில் எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதற்கு பகத் சிங் திண்ட் வழக்கு நல்ல சாட்சி. பஞ்சாபிலிருந்து போன அவர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு பணியாற்றியவர். அன்றைய சட்டப்படி, கறுப்பினத்தவரைத் தவிர்த்தால், வெளிநாட்டில் பிறந்த ‘வெள்ளையர்’ மட்டுமே குடியுரிமை பெற முடியும். 1922 நவம்பரில், ஜப்பானியரான டகாவ் ஒசாவாவின் மனுவை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்றது. அன்றைய மானுடவியல் நூல்கள் வட இந்தியர்களையும் காக்கேசியர் என்றே வகைப்படுத்தியிருந்தன. அதைத்தான் திண்ட் தரப்பு எடுத்துக்காட்டியது. மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து, நூல் வகைப்பாடு முக்கியமில்லை, சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்கிறாரோ அவரே வெள்ளையர் என்று தீர்ப்பெழுதினார். அந்த நீதிபதி இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். திண்ட் கடைசியில் குடியுரிமை பெற்றது 1936இல்.

சந்தைக்காரர்கள் சொல்வது வேறு

இனி வணிகப் பக்கங்களுக்கு வருவோம். அங்கே ‘தனித்துவம்’ என்றால் கடவுளும் இல்லை, மலைமேல் நகரமும் இல்லை. மற்ற சந்தைகளைவிட அமெரிக்கப் பங்குகள் தொடர்ந்து அதிக லாபம் தருவது, உலகின் சேமிப்பெல்லாம் டாலரை நோக்கி ஓடுவது, எவ்வளவு கடன் வாங்கினாலும் அமெரிக்காவுக்கு வட்டி கட்டுக்குள் இருப்பது, இவ்வளவுதான். தன் சொந்த நாணயத்திலேயே உலகத்திடம் கடன் வாங்க முடிவதை, 1960களில் பிரெஞ்சு நிதியமைச்சர் ஜிஸ்கார் தெஸ்தான் ‘அளவுமீறிய சலுகை’ என்று குறைபட்டுக்கொண்டார்.

இது முதல் வகைக் கூற்று. அன்றாடம் அளக்கலாம், இழக்கவும் செய்யலாம். 2011இல் எஸ் அண்ட் பி, 2023இல் ஃபிட்ச், 2025 மே மாதம் மூடீஸ் என மூன்று பெரிய தர மதிப்பீட்டு நிறுவனங்களுமே அமெரிக்க அரசுக் கடனை உச்சத் தரத்திலிருந்து இறக்கிவிட்டன. ஆனாலும் உலக மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பாதிக்கு மேல் இன்னும் டாலர்தான். ஆகவே ‘முடிந்துவிட்டது’ என்ற தலைப்பைப் பார்த்தால் எது முடிந்தது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது நடக்கும் சண்டை

இன்றைய அமெரிக்க வலதுசாரிகள் இந்த நம்பிக்கையை ஒரே குரலில் பேசுவதில்லை. டிரம்ப் 2015இல், அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை, மற்ற நாடுகளை அவமதிப்பது போல இருக்கிறது என்கிற பாணியில் பேசினார். 2017இல் ஒரு பேட்டியில், பேட்டி கண்டவர் புதினைக் கொலைகாரர் என்று குறிப்பிட்டபோது, ‘நம் நாடு மட்டும் என்ன அப்பாவியா?’ என்று திருப்பிக் கேட்டார். ரேகன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்திருக்காது. 2024 ஜூலையில் துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸ், அமெரிக்கா வெறும் ஒரு கருத்து மட்டுமல்ல, பொதுவான வரலாறும் எதிர்காலமும் கொண்ட ஒரு மக்கள் கூட்டம் என்றார். உலகில் எந்த நாடும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடியது இது. கொள்கையால் ஆன நாடு என்ற பழைய உரிமைகோரல் இதில் பின்னுக்குப் போய்விடுகிறது.

பிறப்புவழிக் குடியுரிமை வழக்கு இந்த இடத்தில்தான் வருகிறது. 1868இல் சேர்த்த 14ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், சீனப் பெற்றோருக்கு சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த வாங் கிம் ஆர்க் வழக்கில் 1898இல் வந்த தீர்ப்பும், அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை அமெரிக்கர் என்று நிலைநாட்டின. டிரம்ப் பதவியேற்ற அன்றே இதைக் கட்டுப்படுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. இந்த உரிமையை எதிர்த்து அவர் பலமுறை சொன்ன காரணம், உலகில் இப்படிச் செய்யும் ஒரே நாடு நாம்தான் என்பது. அது சரியான தகவல் இல்லை. கனடா, மெக்சிகோ, பிரேசில், அர்ஜென்டினா என ஏறத்தாழ 30 நாடுகளில், பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களில், இந்த வழக்கம் உண்டு. ‘நாம் மட்டும்தான்’ என்ற வாதம், ஓர் உரிமையைத் தூக்கி எறிவதற்கான காரணமாக இப்போது வெள்ளை மாளிகையிலிருந்தே வருகிறது.